போவாடியாவா, உருவென்யாவா, வியாஃபாஃபிலாவா: ஸ்பெயின் கோதுமைக் காட்டுல ரெண்டு ராத்திரி எங்க தங்குறது

அக்காவும் மாமாவும் வர்ற மே மாசம் மாட்ரிட் வர்றாங்க. பார்சிலோனா, செவில்லா, கிரானடான்னு அக்கா ஏற்கனவே லிஸ்ட் போட்டு அனுப்பிட்டா, அதுல நான் வாய் திறக்க ஒண்ணுமில்ல. மாமா மட்டும் போன்ல ஒரே வார்த்தை, "ஏதாச்சும் ஒரு கிராமம் காட்டுப்பா, அங்க வெள்ளாமை எப்படிப் பண்றாங்கன்னு பாக்கணும், சர்ச் எல்லாம் உங்க அக்கா பாத்துக்குவா". சரின்னுட்டேன். சொன்னப்புறம்தான் தலைவலி ஆரம்பிச்சுது, ஏன்னா கிராமம்னு சொன்னா இங்க ஆளாளுக்கு ஒரு ஊர் சொல்றாங்க, ஆபீஸ்ல கேட்டா கடற்கரைப் பக்கம் வெள்ளையடிச்ச வீடு இருக்குற ஊரா சொல்றாங்க, அது மாமா கேட்ட கிராமம் இல்ல.

மாமா கேட்டது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். மாட்ரிட்லருந்து வடக்க ரயில் ஏறி வாயாதொலித் தாண்டினதும் ரெண்டு பக்கமும் மரம்னு ஒண்ணு கண்ணுல படாம, கோதுமையும் பார்லியும் மட்டும் வானம் வரைக்கும் போகும் பாருங்க, டியெர்ரா தெ காம்போஸ்னு பேரு, வயக்காட்டுச் சீமைன்னு வச்சுக்கலாம். பலென்சியா, வாயாதொலித், சமோரா, லியோன்னு நாலு மாவட்டத்துல பரவிக் கிடக்குது, கடல் மட்டத்துலருந்து 700, 800 மீட்டர் உயரத்துல ஒரு பெரிய தட்டு மாதிரி. நாலஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஊர் வரும். ஊர் தெரியுறதுக்கு முன்னாடி சர்ச் கோபுரம் தெரியும், கிட்டப் போனா அந்த சர்ச்சுக்குள்ள ஊர்ல இருக்குற மொத்த சனத்தையும் உக்கார வச்சாலும் பாதி பெஞ்சு காலியா கிடக்கும். ஒரு காலத்துல ஆள் இருந்திருக்கு. 1950, 60கள்ல டிராக்டரும் கம்பைனும் வந்ததும் கூலிவேலை செத்துப்போச்சு, சனம் பில்பாவுக்கும் மாட்ரிட்டுக்கும் கிளம்பிருச்சு. காலியான ஸ்பெயின்னு சொல்லி 2019 மார்ச் 31ல மாட்ரிட்ல பெரிய ஊர்வலமே நடந்துச்சு. இதெல்லாம் முன்னாடியே சொல்லிடுறேன், ஏன்னா கிராமம்னதும் சந்தை, கோழி, தெருவுல பசங்கன்னு மனசுல வச்சுக்கிட்டு வந்தீங்கன்னா முதல் நாள் சாயங்காலமே ஏமாந்து போவீங்க.

நான் இந்தப் பக்கம் நாலு தடவை போயிருக்கேன், ஒவ்வொரு தடவையும் வேற ஊர், வேற சீசன். அதை வச்சுதான் இப்ப முடிவு பண்ணணும். இதே மாதிரி யோசிக்கிறவங்களுக்கு உதவட்டும்னு எழுதுறேன்.

முதல்ல உருவென்யா, ஏன்னா யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. வாயாதொலித் மாவட்டத்துல ஒரு மேட்டு விளிம்புல கோட்டைச் சுவரோட உக்காந்திருக்குற ஊரு, இருநூறு பேருக்கும் குறைவா இருக்காங்க, ஆனா புத்தகக்கடை மட்டும் பத்துக்குப் பக்கம். 2007லருந்து இது 'புத்தக ஊர்', ஸ்பெயின்லயே இதுதான் முதல்ல. நாட்டுப்புறப் பாட்டு, பழைய இசைக்கருவின்னு வாழ்நாள் பூரா சேத்து வச்ச ஹொவாகின் தியாஸோட மியூசியமும் அங்கதான். சுவர் மேல ஏறி மேக்க பாத்து நின்னீங்கன்னா மொத்த சமவெளியும் காலடியில விரிஞ்சு கிடக்கும், அந்த ஒரு பார்வைக்காகவே போகலாம், சும்மா சொல்லல. மாட்ரிட்லருந்து கார்ல ரெண்டு மணி நேரம் சொச்சம், ஹைவேயை விட்டு இறங்கினா ஊர் வந்துரும்.

அப்புறம் என்ன பிரச்சினைன்னா, அது பாக்குற ஊரு, இருக்குற ஊரு இல்ல. நான் போனது ஒரு புதன்கிழமை, பாதிக் கடை பூட்டிக் கிடந்துச்சு, சனி ஞாயிறு போனா கூட்டத்துல சுவர் மேல நிக்க இடமில்லன்னு அங்க ஒருத்தர் சொன்னாரு. வயக்காடு கீழ இருக்கு, நீங்க மேல இருக்கீங்க. மாமா மேலருந்து பாத்துட்டு "சரி, இறங்கிப் போலாமா"ன்னுதான் கேப்பாரு. அக்காவுக்குப் பிடிக்கும், போட்டோ நல்லா வரும். அரை நாள் போதும், ராத்திரி தங்கணும்னா அந்தக் காசுக்கு வேற இடம் இருக்கு.

ரெண்டாவது வியாஃபாஃபிலா. சமோரா மாவட்டம். இதுக்கு நான் போனது ஏப்ரல் ஆரம்பத்துல, பறவை பாக்குற கூட்டாளி ஒருத்தன் இழுத்துட்டுப் போனான், அதுவரைக்கும் எனக்குக் காக்காய்க்கும் மைனாவுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா பெரிசு. அங்க உப்புத்தண்ணி ஏரிகள் இருக்கு, கோடையில வத்திப்போய் வெள்ளையா பொரிஞ்சு கிடக்கும், குளிர்காலத்துல வாத்து வந்து நிறையும். ஆனா நிஜமான சமாச்சாரம் ஏரி இல்ல, சுத்தியிருக்குற வயல்ல மேயுற கானமயில் இனத்துப் பறவை, அவுதார்தான்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல கானமயில்னு ஒண்ணு இருந்து இன்னிக்கு இந்தியா பூராவுமே விரல்விட்டு எண்ணுற நெலமைக்கு வந்துருச்சில்ல, அதோட சொந்தக்காரன்தான் இது, இங்க ஆயிரக்கணக்குல இருக்கு, உலகத்துலயே அடர்த்தியா இருக்குற இடங்கள்ல ஒண்ணுன்னு சொல்றாங்க. சேவல் பத்துப் பதினஞ்சு கிலோ வரும், அந்த வெயிட்டோட பறக்கவும் செய்யும். 1980ல ஸ்பெயின் முழுக்க இதை வேட்டையாடத் தடை போட்டுட்டாங்க.

விடியக்காலைல, பச்சைப் பார்லி முழங்கால் உயரம், பனி, கை விறைச்சுப் போச்சு. கூட்டாளி பைனாகுலரைக் கையில திணிச்சு "அந்த வெள்ளை மூட்டையைப் பாரு"ன்னான். எனக்கு யாரோ யூரியா சாக்கை வயல்ல போட்டுட்டுப் போன மாதிரிதான் தெரிஞ்சுது. அப்புறம் அந்தச் சாக்கு திரும்புச்சு. சேவல் ஜோடி தேடுறப்ப றெக்கையையும் வாலையும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி புரட்டிப்போட்டு, தலையை உள்ள இழுத்துக்கிட்டு, ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டையா மாறிடுது, அப்படியே நின்னு லேசா ஆடுது, கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாத்தையும் மடிச்சு வச்சுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி மேயப் போயிடுது. பொட்டைங்க திரும்பிக்கூடப் பாக்கல. பாவமா இருந்துச்சு.

பக்கத்துல ஒத்தேரோ தெ சரியேகோஸ்னு ஒரு ஊர், ஊருன்னு சொல்லக்கூடாது, ஆள் எல்லாம் போய் சுவர் சரிஞ்சு கிடக்குது, சர்ச்சும் புறாக்கூடும் மட்டும் மிச்சம். புறாக்கூடுன்னா சின்னக் கூண்டு இல்லீங்க, மண்ணால கட்டின வட்டக் கட்டடம், நம்ம குதிர் பத்து மடங்கு பெருசானா எப்படி இருக்கும், அப்படி. உள்ள சுவர் பூரா நூத்துக்கணக்குல பொந்து. புறாக்குஞ்சு கறிக்கு, எச்சம் வயலுக்கு உரம். இதை மாமாகிட்ட சொன்னா ஒரு மணி நேரம் பேசுவாரு.

ஆனா வியாஃபாஃபிலாவுக்கு கார் இல்லாம போறது வேலைக்காகாது. சமோரா வரைக்கும் ரயில்ல வந்துரலாம், அதுக்கப்புறம் பஸ்ஸை நம்பினா கெட்டோம். இந்தப் பக்கத்துல சின்ன ஊர்களுக்கு நிறைய பஸ் கூப்பிட்டாத்தான் வரும், முந்தின நாளே போன் பண்ணி இந்த ஊர்ல இத்தனை பேர் ஏறுவோம்னு சொல்லி வைக்கணும். எனக்கு அது தெரியாம வேற ஒரு ஊர்ல, காலைல ஒன்பது மணி பஸ்ஸுக்கு எட்டே முக்காலுக்கே நிழற்குடையில போய் உக்காந்து, பத்தரை வரைக்கும் உக்காந்து, கடைசியில நாயோட வாக்கிங் வந்த ஒரு தாத்தா "போன் பண்ணினியா"ன்னு கேட்டாரு. இல்லன்னேன். அவரு சிரிக்கக்கூட இல்ல, தன்னோட வேன்ல கொண்டுபோய் மெயின் ரோட்ல விட்டாரு. அடுத்து, பறவை பாக்க மே மாசம்னா லேட்டு, ஆட்டம் மார்ச் கடைசி, ஏப்ரல்லதான் நல்லா இருக்கும். அக்கா மாமா வர்றது மே நடுவுல. பைனாகுலர் ஆசை உள்ளவங்க, ஏப்ரல்ல வர முடிஞ்சவங்க, கார் ஓட்ட லைசென்ஸ் இருக்குறவங்களுக்கு நான் யோசிக்காம வியாஃபாஃபிலாதான் சொல்வேன், எங்களுக்குத்தான் தேதி ஒத்துவரல.

மூணாவது போவாடியா. முழுப்பேரு போவாடியா தெல் கமினோ, பலென்சியா மாவட்டம், சனத்தொகை நூத்திச்சொச்சம். பேர்லயே இருக்குற கமினோ, சந்தியாகோவுக்கு நடந்து போற யாத்திரைப் பாதை. அந்த ஒரு காரணத்தாலதான் இந்த ஊர் மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. யாத்ரிகர்களுக்குப் படுக்கை, காபி, ராத்திரிச் சாப்பாடு, எல்லாம் நூறு பேர் ஊர்ல கிடைக்குது, அக்கம்பக்கத்துல இதே சைஸ் ஊர்ல பார்கூட மூடிட்டுப் போயிருக்கும். ஊர் நடுவுல கல்லுல செதுக்கின ஒரு உயரமான தூண் இருக்கு, பதினஞ்சாம் நூற்றாண்டு, நம்ம ஊர் கோயில் கொடிமரம் மாதிரி அழகா இருக்கேன்னு கிட்டப் போய்ப் பாத்தா, குத்தவாளிகளைக் கட்டி வச்சு ஊருக்குக் காட்டுறதுக்காம். எங்க ஊருக்கே தண்டனை குடுக்குற அதிகாரம் உண்டு, பக்கத்து ஊர்ப் பிரபு வந்து கேக்க முடியாதுன்னு சொல்ற கம்பீரம் அது.

போக்குவரத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. மாட்ரிட்லருந்து பலென்சியாவுக்கு வேக ரயில்ல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, அங்கருந்து சந்தந்தேர் போற லைன்ல சின்ன ரயில் மாறி ஃப்ரோமிஸ்தா. ரயில் அடிக்கடி கிடையாது, நேரம் பாத்து டிக்கெட் போடணும். ஃப்ரோமிஸ்தாவுல பதினோராம் நூற்றாண்டு சர்ச் ஒண்ணு, சான் மார்த்தின், கூரைக்கு அடியில சுத்திச் சுத்தி முந்நூறுக்கும் மேல சின்னச் சின்னக் கல் தலை, மிருகம், குடிகாரன், குரங்கு, எல்லாம் எட்டிப் பாத்துக்கிட்டிருக்கும். அக்காவோட கோட்டா அங்கயே முடிஞ்சுது. அங்கருந்து போவாடியாவுக்கு ஆறு கிலோமீட்டர், கால்வாய்க் கரையிலயே நடை, மேடு பள்ளமே இல்ல.

அந்தக் கால்வாயைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். காஸ்தியாக் கால்வாய். 1753ல வெட்ட ஆரம்பிச்சு 1849ல முடிச்சாங்க, நூறு வருசத்துக்கு நாலு வருசம் கம்மி, 207 கிலோமீட்டர். எதுக்குன்னா இங்க விளையுற கோதுமையை வடக்கக் கடல் வரைக்கும் படகுல கொண்டு போகணும்னு. கோவேறு கழுதை கரையில நடந்து கயிறு கட்டிப் படகை இழுக்கும், இன்னிக்கு யாத்ரிகர் நடக்குற பாதை அந்தக் கோவேறு கழுதை நடந்த தடம்தான். கடல் வரைக்கும் கால்வாய் போய்ச் சேரவே இல்ல, மலை மறிச்சுருச்சு, முடிச்சு மூச்சு வாங்குறதுக்குள்ள ரயில் வந்து மொத்த சரக்கையும் தூக்கிட்டுப் போயிருச்சு. ஃப்ரோமிஸ்தாவுல படகைப் படிப்படியா இறக்குற நாலு கல்தொட்டி வரிசையா இருக்கு, 14 மீட்டர் இறக்கம், இப்பப் படகு இறங்குறதில்ல, தண்ணி மட்டும் சத்தமா விழுது. மாமா ஆத்துப் பாசனத்துல வளந்த ஆளு, மதகுன்னா அவருக்கு ஒரு தனி மரியாதை. எனக்கு என்ன பயம்னா இங்கயே நின்னுருவாரு.

நான் போவாடியாவுல தங்கினது ஒரு ஜூன் கடைசி. பார்லி அறுப்பு ஆரம்பிச்சிருந்துச்சு. ராத்திரி பத்து மணிக்கு அப்பத்தான் பொழுது சாயுது, கம்பைன் லைட்டைப் போட்டுக்கிட்டு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, தூசி பூரா தங்க நிறம், மூக்குல வைக்கோல் வாசனை. மறுநாள் காலைல ஒரு வேன் ஹார்னை நீளமா அடிச்சுக்கிட்டு வந்துச்சு, ரொட்டிக்காரர். கதவு ஒவ்வொண்ணா திறக்குது, வீட்டு கவுன் மேல ஸ்வெட்டர் போட்ட பாட்டிமாருங்க துணிப்பையோட வர்றாங்க. ரெண்டு வீட்டுல யாரும் வரல, கதவுப் பிடியில துணிப்பை தொங்குது, ரொட்டிக்காரர் இறங்கிப் போய்ப் பைக்குள்ள கையை விட்டுச் சில்லறையை எடுத்துக்கிட்டு ரொட்டியைப் போட்டுட்டு வந்துட்டாரு. நானும் ஒண்ணு வாங்கினேன், கெட்டி மேல்தோல், உள்ள வெள்ளைவெளேர்னு நெருக்கமான சதை, நம்ம கடை பன்னு மாதிரி காத்தடைச்சது இல்ல. ஒரு பாட்டி என்னைப் பாத்து எந்த ஊருன்னு கேட்டாங்க, இந்தியான்னதும் "அங்க கோதுமை உண்டா"ன்னாங்க. எங்க பக்கம் நெல்லுன்னு சொன்னேன். "நெல்லுக்குத் தண்ணி வேணுமே"ன்னு என்னமோ நாந்தான் தண்ணி கொண்டுவரணும்ங்கிற மாதிரி கவலைப்பட்டாங்க.

குறை இல்லாம இல்ல. யாத்ரிகர் விடுதின்னா பங்க் பெட், பக்கத்துப் படுக்கை ஜெர்மன்காரர் குறட்டை, விடியக்காலைல அஞ்சரைக்குப் பிளாஸ்டிக் கவர் சரசரப்பு. யாத்திரைக் கார்டு இல்லாம சில விடுதியில சேக்கவும் மாட்டாங்க. அக்காவை அங்க படுக்க வைக்க முடியாது, அதனால தனி ரூம் குடுக்குற வீடாப் பாத்துக்கணும், மே மாசம்னா சீக்கிரமே புக் ஆயிரும். கிராமத்து வீட்டை மொத்தமா எடுக்குற கணக்கும் உண்டு, நாலு பேருக்கு மேல போனா அதுதான் லாபம், மூணு பேருக்குக் கட்டுபடியாகாது.

நாலாவதா ஒண்ணு இருக்கு, அதுக்கு நான் பேர் சொல்லப்போறதில்ல, என்கூட வேலை பாக்குற பையனோட அம்மா ஊரு, மேப்புல பெரிசு பண்ணிப் பாத்தாத்தான் தெரியும். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போனான். வருசம் பூரா பூட்டிக் கிடக்குற வீடெல்லாம் திறந்திருக்கு, மாட்ரிட்டுக்கும் பாஸ்க் நாட்டுக்கும் போன குடும்பம் எல்லாம் பேரன் பேத்தியோட வந்து இறங்கியிருக்கு, ஊர் நடுச் சதுக்கத்துல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பேண்டு, எழுபது வயசுக்காரங்க பாசோதோப்லே ஆடுறாங்க. பொங்கலுக்கு ஊருக்கு வந்து இறங்குற கூட்டம் மாதிரியேதான், ஒத்துக்குறேன். ஆனா அது சொந்தக்காரங்க விழா, தெரிஞ்சவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனாத்தான் ருசி, தனியா போய் நின்னா கல்யாண வீட்டுல பேர் தெரியாத ஆள் மாதிரி நிக்கணும். வயலும் அப்ப வெறும் தாள்தான், அறுத்த கட்டை. யாராச்சும் கூப்பிட்டா எந்த ஊர்னு பாக்காம போயிருங்க, கூப்பிடலன்னா ஆகஸ்ட்டை விட்ருங்க, வெயில் வேற.

சீசனைப் பத்தி இங்கத்து ஆளுங்க ஒரு பழமொழி சொல்வாங்க, ஒன்பது மாசம் குளிர், மூணு மாசம் நரகம்னு. கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா ரொம்ப ஜாஸ்தி இல்ல. ஏப்ரல் மே பச்சை, நடுநடுவுல சிவப்பு கசகசாப் பூ. ஜூன் கடைசி ஜூலை பொன்னு. நவம்பர்லருந்து மூடுபனி, சில நாள் எதிர்ச்சுவர் தெரியாது. குளிர்காலத்துல நான் போனது ஒரே தடவை, அதுவும் ஒரு விஷயத்துக்காக மட்டும் சொல்றேன், பழைய வீட்டுல தரைக்கு அடியில சுரங்கம் மாதிரி விட்டு, வெளிய ஒரு வாய் வழியா வைக்கோலைத் தீமூட்டி, புகை தரைக்கு அடியில ஓடி எதிர்ப்பக்கம் குழாய்ல போற மாதிரி கட்டியிருக்காங்க, குளோரியான்னு பேரு, விறகு இல்லாத சீமை பாருங்க, இருக்குறது வைக்கோல் மட்டும்தானே. சாக்ஸை கழட்டிட்டு அந்தத் தரையில காலை வச்சேன், எந்திரிக்க மனசே வரல. அதுக்காக டிசம்பர்ல வாங்கன்னு நான் சொல்லமாட்டேன், பொழுது ஆறு மணிக்கு முடிஞ்சுரும், ஒரு பார், ஒரு டிவி, நீங்க.

சாப்பாடு எந்த ஊர் போனாலும் ஒரே கதை. கறி தின்னுறவங்களுக்குச் சொர்க்கம், விறகு அடுப்புல சுட்ட பால்குடி ஆட்டுக்குட்டி, புறாக்குஞ்சு, ஆட்டுப்பால் சீஸ். அக்கா சைவம். இங்க விளையுற சின்னப் பழுப்புப் பயறு நல்லா இருக்கும், ஆனா அதுக்குள்ள சொரீசோங்கிற பன்னிக்கறி சாசேஜ் போடாம வேக வைக்கிறது அவங்களுக்குப் பாவம் மாதிரி. பூண்டு சூப்னு நம்பி ஆர்டர் பண்ணினா அதுல ஹாம் மிதக்கும். "கறி வேண்டாம்"னு சொன்னா மீன் வைப்பாங்க, அதனால ஒவ்வொண்ணாப் பேர் சொல்லி வேண்டாம்னு சொல்லணும், முதல் நாள் மத்தியானமே சொல்லிட்டா ராத்திரிக்குத் தனியா வேக வச்சுத் தருவாங்க. அக்கா முட்டை சாப்பிடுவா, தோர்தீயான்னு உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட் இருக்குற வரைக்கும் பட்டினி இல்ல. ஏடிஎம் எல்லா ஊர்லயும் இருக்காது, ரொக்கம் எடுத்துட்டுப் போங்க. ரெண்டு மணிலருந்து அஞ்சு மணி வரைக்கும் தெருவுல பூனைகூட நடக்காது, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, நீங்களும் படுத்துக்கங்க.

ஆக நான் போவாடியாதான் போட்டிருக்கேன், ரெண்டு ராத்திரி. ஒரு ராத்திரி போதாதான்னு மாமா பையன் கேட்டான், போதாதுடா, முதல் நாள் எதுவும் இல்லையேன்னு தோணும், ரெண்டாம் நாள் ரொட்டி வேன் சத்தம் கேட்டதும் நீயே பையை எடுத்துக்கிட்டு ஓடுவன்னேன். மே 15 சான் இசித்ரோ, உழவர்களோட சாமி, இந்தப் பக்கத்துல பல ஊர்ல அன்னிக்குச் சிலையைத் தூக்கிட்டு வயலுக்குப் போய் மந்திரிப்பாங்க, மாட்ரிட்டுக்கும் அவருதான் காவல்ங்கிறதால எனக்கு ஆபீஸ் லீவு. எந்த ஊர்ல எத்தனை மணிக்குன்னு ரூம் குடுக்குற அம்மாகிட்ட போன்ல கேட்டேன், "எங்க ஊர்ல ஆள் இருந்தா தூக்குவோம், நீங்க மூணு பேர் வர்றீங்கள்ல"ன்னாங்க. மாமாவுக்கு முட்டி வலின்னு சொல்லல.